ஜார்ஜ் டவுனின் பழைய கடைக் கட்டடம்: இடிப்பதா, முகப்பை மட்டும் நிறுத்துவதா, செப்பனிடுவதா?

சென்னை ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெருவிலிருந்து தம்புச் செட்டித் தெரு வரை நடந்து போகிறவர் அண்ணாந்து பார்த்தால், பெயர்ப் பலகைகளுக்கு மேலே சுண்ணாம்புப் பூவேலையும் மரத் தாழ்வாரமும் வளைவுச் சன்னல்களும் இன்னும் கண்ணில் படும். கீழே கடைகள், மேலே கிடங்கு அல்லது அலுவலகம், பின்னால் ஒரு சிறு முற்றம் என்று கட்டப்பட்ட இக்கட்டடங்களில் பலவும் நூறாண்டைக் கடந்தவை. அவற்றின் உரிமை இப்போது மூன்றாம் தலைமுறைக்கு வந்திருக்கிறது. பங்காளிகள் கூடி அமர்ந்து, 'இதை என்ன செய்வது?' என்று தீர்மானிக்க வேண்டிய நாள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருகிறது. அப்படிப்பட்ட கட்டடங்களைப் பார்வையிட்டு யோசனை சொல்வது என் வேலை. அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் நான்கு வழிகளையும் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். என் சார்பு செப்பனிடுவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது பழமையின் மீதுள்ள பற்றினால் மட்டும் வந்த முடிவு அன்று.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் கான்கிரீட் தூண்களோ உத்தரங்களோ கிடையா. ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை தடித்த செங்கற்சுவர்களே, சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டு, எல்லாப் பாரத்தையும் சுமக்கின்றன. அச்சுவர்களின் மேல் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பர்மாத் தேக்குக் கட்டைகள் கிடத்தப்பட்டிருக்கும். கட்டைகளின் மேல் ஆறங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள சிறு அச்சுக்கற்களை நிறுத்திவைத்து, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் ஒட்டி அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை மூன்று நான்கு அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரத் தட்டுப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். தட்டுப்பலகை பட்டுத் தடம் பதியாமல் எகிறும்போதுதான் தளம் முடிந்ததாக மேஸ்திரி ஒப்புக்கொள்வார். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று ஊர்பெயராலேயே வழங்கும் தளம் இதுதான்.

இந்த அமைப்பில் ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சுவர் தளத்தைத் தாங்குகிறது. தளமோ சுவர்கள் வெளிப்பக்கம் சாயாமல் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பின்னால் சொல்லப்போகும் முகப்பு விஷயத்துக்கு இதுவே அடிப்படை.

இதன் பகை வயது அன்று, தண்ணீர். மொட்டை மாடியின் தூம்பு அடைத்துக்கொண்டு தேங்கும் மழைநீரும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றின் வேர் திறந்துவிட்ட விரிசலும், பின்னாளில் வைத்த கழிப்பறையின் கசிவும் சுவரை நனைக்கின்றன. சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் முனை, கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரடி, ஈரத்தில் ஊறி உளுத்துப்போகிறது. கரையானும் அங்கேதான் நுழைகிறது. ஒருமுறை மின்ட் பக்கத்தில் ஒரு கடையின் மாடியில், வெளியிலிருந்து பார்க்க நேற்றுச் செதுக்கியது போலிருந்த தேக்குக் கட்டையை ஆசாரி சுத்தியலால் நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் கணீரென்று ஒலித்த மரம் சுவரை நெருங்க நெருங்கப் பொத்துப் பொத்தென்றது. சுவரோரம் காரையைச் சற்றே உதிர்த்துத் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அந்தத் தளத்தில் இருபத்திரண்டு கட்டைகள் இருந்தன, அவற்றில் முனை கெட்டவை ஐந்து. ஐந்தும் கழிப்பறைச் சுவரை ஒட்டியவை. மற்றப் பதினேழும் இன்னொரு நூறாண்டு சுமக்கத் தக்கவையாக இருந்தன. அதே கட்டடத்துக்குத்தான், உள்ளே ஏறிக்கூடப் பார்க்காமல், 'முழுவதும் பழுது, இடிப்பதே வழி' என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இடித்துக் கட்டுவது

பங்காளிகளில் பாதிப் பேரின் முதல் எண்ணம் இதுவாகவே இருக்கும். இடிப்பு ஒப்பந்தக்காரரும் அதற்குத் தூண்டுவார். பழைய கட்டடத்தை இடிக்க உரிமையாளர் பணம் கொடுப்பது வழக்கமில்லை, ஒப்பந்தக்காரரே உரிமையாளருக்குப் பணம் கொடுத்து இடிப்பார். கட்டை, கதவு, நிலை, கல்தூண், இரும்பு கிராதி எல்லாவற்றுக்கும் பழைய மரச் சந்தையில் விலை உண்டு. அவர் நீட்டும் தொகையைக் கையில் வாங்குமுன் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்த மரம் அவ்வளவு விலை பெறுகிறது என்றால் அது கெட்டுப்போகவில்லை என்பதுதானே பொருள்?

கூடுதல் பரப்பு கிடைக்கும் என்பது அடுத்த எதிர்பார்ப்பு. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் சுவரோடு சுவர் சேர்த்து, சிறு முற்றம் மட்டும் விட்டுக் கட்டிய கட்டடம் தளத்துக்கு 2,200 சதுர அடி இருக்கலாம். தரைத்தளமும் முதல் மாடியும் சேர்ந்து 4,400. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். ஆகவே புதிதாகக் கட்டினாலும் கிடைப்பது 4,800. வித்தியாசம் 400 சதுர அடி. முன்புறம் விட வேண்டிய இடைவெளி, கேட்கப்படும் இடத்தில் வாகன நிறுத்தம், மின்தூக்கி, படிக்கட்டு இவையெல்லாம் போன பின், தெருவைப் பார்த்த தரைத்தளக் கடைப் பரப்பு பெரும்பாலும் இப்போதிருப்பதைவிடக் குறையும். ஜார்ஜ் டவுனில் வாடகை முழுதும் அந்தத் தெருமுகத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் மாடியில் கிடைக்கும் சதுர அடி தரைத்தளத்தில் இழக்கும் சதுர அடிக்கு ஈடாகாது. கூடுதல் கட்டணம் செலுத்திக் குறியீட்டை உயர்த்திக்கொள்ளும் வசதியும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. அகலமான சாலையில் ஒரே மாடியுடன் நிற்கும் கட்டடத்துக்குக் கணக்கு வேறாகலாம் என்பதை மறுக்கவில்லை.

இன்னொரு பழைய காரணமும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பழுதுபார்ப்பதற்காகக் குடியிருப்பவரை வெளியேற்றினால் வேலை முடிந்ததும் அவருக்கே இடத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றது. இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றி, சொன்னபடி இடித்தும்விட்டால் அந்தக் கடப்பாடு இல்லை. அற்ப வாடகைக்கு ஐம்பது ஆண்டு இருந்தவரை எழுப்ப வேண்டுமானால் கட்டடம் இடிந்தாக வேண்டும் என்ற நிலையை அச்சட்டம் உண்டாக்கிவிட்டது. பழுதுபார்க்காமல் விடுவதே லாபம் என்று எத்தனையோ உரிமையாளர்கள் கைகட்டி இருந்ததற்கு இதுவே காரணம். 2017-இன் புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் வாடகை என்பது எழுத்து ஒப்பந்தத்தின்படி என்றாகிவிட்டது. சட்டம் மாறியும் அந்தப் பழைய மனக்கணக்கு மட்டும் மாறவில்லை. இன்று இடிப்பைப் பற்றிப் பேசும் குடும்பங்கள் தங்கள் காரணம் இன்னும் உயிருடன் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

மேலும், புதுக் கட்டடம் நிரந்தரம் என்பதும் கடற்கரையோரத்தில் மெய்யன்று. துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஐம்பது வயதுகூட ஆகாத எத்தனை கட்டடங்களின் மேல்தளத்தில் கம்பி வெளியே தெரிகிறது என்பதை அதே தெருவில் எண்ணிப் பார்க்கலாம்.

கட்டடம் நீதிபதி இ. பத்மநாபன் குழு தொகுத்த 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இருந்தால் இந்த வழியைப் பேசுமுன் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தை அணுகியாக வேண்டும். பட்டியலை முதலில் பார்த்துவிடுங்கள்.

முகப்பை மட்டும் நிறுத்தி, பின்னால் புதிதாகக் கட்டுவது

இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் வழியாக இதைச் சொல்வார்கள். பழமையும் காப்பாற்றப்படும், பரப்பும் கிடைக்கும் என்பார்கள். என் அனுபவத்தில் நான்கில் மிகவும் தவறானது இதுவே.

முன்னர்ச் சொன்ன அமைப்பை நினைவிற்கொள்ளுங்கள். முகப்புச் சுவரை நிமிர்த்திப் பிடித்திருப்பவை தளமும் குறுக்குச் சுவர்களும். அவற்றை எடுத்துவிட்டால் முப்பதடி உயரச் செங்கற்சுவர் ஒன்று தெருவோரத்தில் தன்னந்தனியாக நிற்கும். அதைப் பிடித்துக்கொள்ள வெளிப்பக்கம் எஃகுச் சாரம் நிறுத்த வேண்டும். அந்தச் சாரத்துக்கு அடித்தளம் போட இடம் வேண்டும். தள்ளுவண்டியும் மூட்டை சுமப்பவரும் மோட்டார் சைக்கிளும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போகும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் அந்த இடத்துக்கு எங்கே போவது? உள்பக்கம் சாரம் நிறுத்தினாலோ புதுத் தூண்கள் எழும்ப வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும்.

அடித்தளம் அடுத்த சிக்கல். பழைய சுவர் ஆழமில்லாத செங்கல் அகலப்படியின் மேல் நிற்கிறது. பல மாடிக்கு வேண்டிய ஆழத்துக்கு அதன் அருகில் தோண்டினால், காலடி மண் சரிகிறது. நம் கட்டடத்தின் முகப்போடு பக்கத்துக் கடைக்காரரின் பொதுச்சுவரும் அசைகிறது. வேலை ஒருவாறு முடிந்தாலும் புதுச் சட்டகம் ஒரு வேகத்திலும் பழைய சுவர் வேறு வேகத்திலும் மண்ணில் அமரும். இரண்டையும் இணைத்த இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு விரிசல் விடும். சுண்ணாம்புச் சுவரின் முதுகில் சிமென்ட் பூசி ஒட்டவைப்பதால் ஈரம் வெளியேற வழியின்றி முன்பக்கப் பூவேலையின் வழியாகவே வெளிவந்து, உப்புப் பூத்து, எந்தப் பூவேலைக்காக இவ்வளவும் செய்தோமோ அதுவே உதிர்ந்துவிடும்.

முற்றிலும் விழுந்த பின் பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டுவது வேறு செயல். அதற்குத் தக்க எடுத்துக்காட்டு புதுச்சேரியின் மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றமான அது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கடற்கரைச் சாலையின் தோற்றம் குலையக் கூடாது என்று அதே வடிவில் மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். ஒரு நகரம் தன் முகத்துக்காக அதைச் செய்தது சரியே. ஆனால் விழுமுன் ஆண்டுதோறும் மாடியைப் பார்த்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவையும் திரும்பக் கட்டியதற்கான செலவையும் ஒரு தனிக் குடும்பம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொதுப்பணத்தில் செய்தது போல நாம் செய்ய இயலாது.

இப்போதைக்கு அப்படியே விடுவது

இதை யாரும் ஒரு வழியாகச் சொல்வதில்லை. ஆயினும் பங்காளிகளுக்குள் ஒத்த கருத்து வராதபோது உண்மையில் நடப்பது இதுதான். அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக 1897-இல் எழும்பியது அது. அந்நாளைய மவுண்ட் ரோட்டின் ஆடம்பரக் கடைகளில் ஒன்று. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்று நிறுத்தியது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு நான் மனமார நன்றி உடையவன். ஆனால் தீர்ப்பு இடிப்பைத்தான் நிறுத்தியது, மழையை நிறுத்தவில்லை. அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் செப்பனிடப்படாமலே நின்ற அக்கட்டடத்தின் கோபுரங்களைக் கடந்து போகும்போதெல்லாம் மனம் கனக்கும்.

ஆளில்லாத மெட்ராஸ் டெரஸ் வெகு விரைவில் கெடும். கடை நடக்கிற கட்டடத்தில் ஒழுகினால் அன்றே யாராவது கத்துவார்கள். பூட்டிய மாடியில் மூன்று பருவம் ஒழுகினாலும் தெரியாது.

செப்பனிட்டு வணிகத்துக்கே வைத்துக்கொள்வது

இதிலும் இரண்டு வகை உண்டு. முதல் நாள் இருந்தபடியே அணுவணுவாக மீட்பது அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும், துணிக்கடைக்குப் பொருந்தாது. நான் பரிந்துரைப்பது, சுவரையும் தளத்தையும் அவற்றின் இயல்பான பொருளாலேயே பழுதுபார்த்து, இன்றைய தேவைகளை அவற்றின் மேல் ஏற்றாமல் தனியே நிறுத்துவது. 1904-இல் புத்தகக் கடைக்கென்றே கட்டப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையாகவே தொடர்ந்து வந்திருக்கிறது. கட்டிய நோக்கத்துக்கே பயன்படும் கட்டடத்துக்கு மாற்றங்கள் குறைவாகவே தேவைப்படும். கடையாகப் பிறந்ததைக் கடையாகவே வைத்திருப்பது செலவிலும் சிக்கனம்.

முதல் வேலை மேலே இருந்து தொடங்கும். மொட்டை மாடியில் பின்னாளில் வைத்த தண்ணீர்த் தொட்டியை இறக்க வேண்டும். ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன். மூன்று நான்கு கட்டைகளின் நடுவில் அந்தப் பாரம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் தளம் தொய்யாமல் என்ன செய்யும்? தரையிலிருந்து எழும்பும் எஃகுக் கால்களின் மேல், முற்றத்தில், தொட்டிக்கு இடம் ஒதுக்கலாம். கழிப்பறைகளையும் அவ்வாறே பின்புறத்தில் ஒரு தனி அடுக்காகக் கட்டிவிட்டால் பழைய சுவரில் ஈரம் சேர்வதற்கான பெரிய வாயில் அடைபடும். குளிர்சாதனப் பெட்டிகளின் வெளிப்புற அலகுகளும் அவற்றின் சொட்டு நீரும் முகப்பில் வரக் கூடாது.

அடுத்தது கட்டைகள். முனை கெட்டதற்காக முழுக்கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்து, அதே அளவுத் தேக்கை வாய்ப்பொருத்தி, இரு பக்கமும் எஃகுத் தகடு வைத்துத் திருகாணியால் இறுக்கலாம். அல்லது சுவரோரமாக எஃகு விட்டம் ஒன்றைக் கொடுத்து முனைகளை அதன்மேல் தாங்கச் செய்யலாம். முன்னர்ச் சொன்ன கடையில் இரண்டாவதைச் செய்தோம். கீழ்க்கடை ஒருநாள்கூட மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முட்டுகளை மாற்றினோம்.

பூச்சில்தான் பெரும்பாலோர் பிழை செய்கிறார்கள். உதிரும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசுவது விரைவானது, மலிவானது, எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்தது. ஆனால் பழைய செங்கல் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. சில ஆண்டில் பூச்சு பலகை பலகையாகப் பெயரும்போது செங்கலின் முகமும் அதோடு பிய்ந்து வரும். சுண்ணாம்பு மெல்ல இறுகும். குழியில் நாள்பட ஊறவைத்து, சலித்து, அரைத்து, படலம் படலமாகப் பூசி, ஒவ்வொரு படலத்துக்கும் காற்று உண்டு இறுக அவகாசம் தர வேண்டும். கூலி கூடும், நாள் கூடும். இதை மறைக்காமல் முதலிலேயே பங்காளிகளிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வேலை தெரிந்த ஆள் இல்லை என்ற பேச்சை மட்டும் ஏற்க வேண்டாம். 2012 தீ விபத்தில் கூரை எரிந்துபோன சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் தேக்கும் கொண்டே மீட்டிருக்கிறது. அங்கே கைபழகியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.

தீ என்ற அச்சம் நியாயமானது. ஸ்பென்சர் 1983-இலும் மூர் மார்க்கெட் 1985-இலும் எரிந்துபோயின. சென்னை தன் மிகச் சிறந்த இரண்டு வணிகக் கட்டடங்களை அப்படித்தான் இழந்தது. தடித்த தேக்குக் கட்டை மேற்புறம் கருகிக் கரியாகி, அந்தக் கரியே சற்று நேரம் உள்மரத்தைக் காக்கும். உடனே பற்றுவது அதன்கீழ் அடைத்துவைத்த அட்டைப்பெட்டியும் பாலித்தீனும் பொய்க்கூரைத் தகடுகளும்தான். ஆகவே பழைய மரச்சட்ட வயரிங்கை முழுவதும் மாற்றுவது, மாடிக் கிடங்கின் சரக்குக்கு வரம்பு வைப்பது, முற்றத்தின் பக்கம் இரண்டாவது படிக்கட்டு ஒன்றை எஃகில் அமைப்பது ஆகிய மூன்றும் செப்பனிடும் செலவின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதவருக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை. மக்கள் வந்துபோகும் இடம் அது.

செலவை ஒரே தவணையில் போட வேண்டியதில்லை என்பது இவ்வழியின் பெரிய ஆதாயம். இடித்துக் கட்டினால் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு வாடகை முழுதும் நின்றுவிடும், அதற்குமேல் வங்கிக் கடனுக்கு வட்டி ஓடும். செப்பனிடும்போது கீழ்க்கடைகளின் வாடகை வந்துகொண்டே இருக்க, முதலாண்டில் மாடியும் தூம்பும், அடுத்த ஆண்டில் கட்டைகளும் வயரிங்கும், மூன்றாமாண்டில் முகப்பும் என்று பிரித்துக்கொள்ளலாம். முகப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பார்ப்பவர் மெச்சும் வேலை அது என்பதால் எல்லாரும் அதையே முதலில் தொடுகிறார்கள். மேலே ஒழுகும் வரை கீழே பூசிய எதுவும் நில்லாது.

இந்த வழி பொருந்தாத கட்டடங்களும் உண்டு. சுவர் தூக்குநூலிலிருந்து விலகி வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தால், அல்லது கடை அகலத்துக்காக யாரோ கீழ்த்தளக் குறுக்குச் சுவர்களை எடுத்துவிட்டிருந்தால், அல்லது மெட்ராஸ் டெரஸின் மேலேயே இன்னொரு கான்கிரீட் மாடியை ஏற்றியிருந்தால், முதலில் அந்தப் பாரத்தை இறக்கிச் சுவரை நிலைப்படுத்த இயலுமா என்று அமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து சோதித்துச் சொல்ல வேண்டும். இயலாது என்றால், மனத்துக்கு எவ்வளவு வருத்தமாயினும், உயிர்ச்சேதத்துக்கு இடம் கொடுக்காமல் அளவெடுத்துப் படமெடுத்துப் பதிந்துவைத்து இறக்கிவிடுவதே முறை. அப்போது அந்தக் கட்டைகளை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடாமல், பக்கத்தில் செப்பனிடப்படும் ஏதாவதொரு கட்டடத்துக்குக் கொடுங்கள். அந்தத் தரத்துத் தேக்கு இனிச் சந்தையில் எளிதில் கிடைக்காது.

முடிவெடுக்கக் காலம் கேட்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எந்த வழியைத் தேர்ந்தாலும், ஆவணி முடிவதற்குள் இரண்டு ஆட்களை ஏற்றி அரசங்கன்றை வேரோடு எடுத்து, தூம்பைத் தூர்வாரி, தொட்டியை வெறுமையாக்கி, உடைந்த தட்டோடுகளை மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் பணம் சொற்பம். அதன்பின் ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள், பங்காளிகள் எல்லாரும் மாடியறைக்குச் சென்று கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் எத்தனை முனைகளில் இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு தை மாதத்தில் கூடுங்கள். சுண்ணாம்பு வேலைக்கும் அதுவே ஏற்ற பருவம்.